பேஸ்பால் குளிர்காலத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்கின்றன (இதுதான் ட்ரேடு), ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட்களுக்குக் கோடிகளை நீட்டுகின்றன, மறுநாள் காலையிலேயே ஏ பிளஸ், சி மைனஸ் என்று மதிப்பெண் வந்துவிடுகிறது. அதை நம்பலாமா, நாமே எடைபோட வழி உண்டா, அப்புறம் 2023 டிசம்பரில் ஹுவான் சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்த சான் டியேகோ பாட்ரேஸ் ஏமாந்துபோனதா?

ஏமாறவில்லை. அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ட்ரேடை எடைபோடும்போது பெரும்பாலோர் தடுமாறும் இடம் அதுதான். நாம் பெயரைப் பார்க்கிறோம். சோட்டோ எங்கே, மைக்கேல் கிங் எங்கே என்று கேட்கிறோம். ஆனால் அணிகள் கைமாற்றிக்கொள்வது ஆண்டுகளை. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டக்காரர் ஆறு ஆண்டு சேவையை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான் (2025-இல் அது 7.6 லட்சம் டாலர்), அடுத்த மூன்று ஆண்டுகள் ஆர்பிட்ரேஷன் என்ற நடுவர் முறையில் சம்பளம் படிப்படியாக ஏறும், அதற்கப்புறம்தான் சந்தை விலை. அதனால் ஒரே திறமையுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு ஐந்து ஆண்டு மிச்சம், மற்றவருக்கு ஓராண்டு மிச்சம் என்றால் இருவரின் விலையும் ஒன்றல்ல, பக்கத்தில்கூட வராது.

பாட்ரேஸ் கையில் இருந்தது சோட்டோவின் ஒரே ஓர் ஆண்டு, அதுவும் 3.1 கோடி டாலர் சம்பளத்தோடு. 2023-இல் அவ்வளவு பணம் கொட்டியும் 82 வெற்றி, 80 தோல்வி என்று நின்ற அணி அது, செலவைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை, பந்து வீசும் பிட்சர்களும் போதவில்லை. சோட்டோவையும் ட்ரென்ட் க்ரிஷமையும் கொடுத்து மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப், ரேண்டி வாஸ்கெஸ், ஜானி பிரிட்டோ ஆகிய நான்கு பிட்சர்களையும், கேட்சர் கைல் ஹிகாஷியோகாவையும் வாங்கினார்கள். தோர்ப்பை வைத்துக்கொள்ளாமல் 2024 மார்ச்சில் வேறு சிலரோடு சேர்த்து சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை எடுத்தார்கள். சீஸ் அந்த ஜூலையில் வாஷிங்டனில் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார், கிங் 2.95 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன்களின் சராசரி, குறைவாக இருந்தால் நல்லது) சீசனை முடித்தார், சோட்டோ இல்லாத பாட்ரேஸ் 93 ஆட்டம் ஜெயித்து, பிளேஆஃபில் டாட்ஜர்ஸை ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தது. யாங்கீஸ் பக்கம் பார்த்தால் சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார், கிளீவ்லாந்துக்கு எதிரான லீக் இறுதியில் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்தான் அவர்களை வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடருக்குக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அவர் 15 ஆண்டு, 76.5 கோடி டாலருக்கு மெட்ஸிடம் போய்விட்டார் என்பதால் யாங்கீஸ் தோற்றதாகச் சொல்வதும் தப்பு. அவர்கள் வாங்கியது ஓர் ஆண்டு, அந்த ஆண்டு முழுதாகக் கிடைத்தது. இரண்டு அணியுமே தனக்குத் தேவையானதைச் சரியான நேரத்தில் வாங்கியது என்பதுதான் என் தீர்ப்பு.

ட்ரேடில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆகவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 2023 ஜனவரியில் நடந்த அரேஸ்–லோபஸ் ட்ரேடை. மேஜர் லீக்கில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பாதி; மினசோட்டா ட்வின்ஸ் முந்தைய சீசனில் அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம் வாங்கிய லூயிஸ் அரேஸை மயாமி மார்லின்ஸுக்குக் கொடுத்து பிட்சர் பாப்லோ லோபஸையும் இரண்டு இளம் ஆட்டக்காரர்களையும் எடுத்தது. அரேஸ் அங்கே போய் .354 என்ற பேட்டிங் சராசரியில் அடித்து நேஷனல் லீக் பட்டத்தையும் வாங்கினார், மார்லின்ஸ் பிளேஆஃபுக்குப் போனது. லோபஸ் அந்த அக்டோபரில் டொராண்டோவுக்கு எதிராக முதல் ஆட்டத்தைத் தொடங்கினார், பிளேஆஃபில் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்றிருந்த மினசோட்டாவின் அவமானம் அன்றைக்கு முடிந்தது. 2004-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி அது. இதில் யாருக்கு சி மைனஸ் போடுவது?

இப்போது மூக்கி பெட்ஸ். 2020 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரையும் டேவிட் பிரைஸையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் மூவரையும் எடுத்தது. சோட்டோவைப் போலவே பெட்ஸுக்கும் ஓராண்டுதான் மிச்சம். அப்படியென்றால் பாஸ்டனையும் அதே கணக்கில் விட்டுவிடலாமா? நான் விடமாட்டேன். ட்ரேடு நடந்த நாளிலேயே அது மோசமான முடிவு என்றுதான் எனக்குப் பட்டது, டவுன்ஸ் பின்னால் பாஸ்டனில் எடுபடாமல் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேஸ்பாலில் அதிக வருமானம் வரும் அணிகளில் ஒன்று பாஸ்டன். பெட்ஸோ 2018-இல் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), அதே ஆண்டு சாம்பியன், ட்ரேடின்போது வயது 27, அவர்களே வளர்த்தெடுத்த பையன். அவரைத் தக்கவைக்கப் பணம் இல்லாத அணி அல்ல அது. பிரைஸின் சம்பளத்தில் பாதியை டாட்ஜர்ஸ் தலையில் ஏற்றி லக்சுரி டாக்ஸ் (அணியின் மொத்தச் சம்பளம் அளவைத் தாண்டினால் கட்டும் வரி) வரம்புக்குக் கீழே இறங்குவதற்காக பெட்ஸைக் கொடுத்தார்கள். டாட்ஜர்ஸ் ஐந்தே மாதத்தில் 12 ஆண்டு, 36.5 கோடி டாலருக்கு அவரைக் கட்டிப்போட்டது, அந்த அக்டோபரிலேயே கோப்பையும் வாங்கியது, 2024, 2025 கோப்பைகளிலும் அவர் இருந்தார். ஆக, ஆண்டுக் கணக்கு முதல் கேள்வி என்றால் இரண்டாவது கேள்வி, இந்த அணிக்கு இதைச் செய்யவேண்டிய கட்டாயம் உண்மையிலேயே இருந்ததா என்பது. சான் டியேகோவுக்கு இருந்தது. பாஸ்டனுக்கு இல்லை.

சரி, "குளிர்கால சாம்பியன்" என்ற பட்டத்துக்கு வருவோம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரே குளிர்காலத்தைப் பத்து ஆண்டு தள்ளி நின்று பார்த்தால் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு 2014–15 பாட்ரேஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2014-இல் மேஜர் லீக்கிலேயே குறைவான ரன் எடுத்த அணி பாட்ரேஸ். அந்த ஆகஸ்டில் பொது மேலாளராக வந்த ஏ.ஜே. பிரெல்லர் சில மாதத்துக்குள் மாட் கெம்ப், வில் மையர்ஸ், ஜஸ்டின் அப்டன் என்று மூன்று அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்கள்) ட்ரேடில் எடுத்தார், ஜேம்ஸ் ஷீல்ட்ஸை 4 ஆண்டு, 7.5 கோடி டாலருக்கு வாங்கினார், சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசி முடிக்கும் குளோசர் கிரெய்க் கிம்ப்ரெலையும் கொண்டுவந்தார். நாடெங்கும் பாராட்டு. எங்கே பார்த்தாலும் ஏ. முடிவு என்ன? 2015-இல் 74 வெற்றி, 88 தோல்வி, அதாவது முந்தைய ஆண்டைவிட மூன்று வெற்றி குறைவு. களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பட் பிளாக் ஜூனிலேயே வேலையை இழந்தார்.

இது துரதிர்ஷ்டமா என்றால் முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பாட்ரேஸின் பெட்கோ பார்க் பரந்த மைதானம், அங்கே ஓடிப் பிடிக்கிற அவுட்ஃபீல்டர்கள் வேண்டும். இவர்கள் பேட்டால் அடிக்கத் தெரிந்த மூன்று பேரை எடுத்து, சென்டர் ஃபீல்டுக்குப் பழக்கமில்லாத மையர்ஸை நடுவில் நிறுத்தினார்கள். கெம்ப்பின் இடுப்பில் மூட்டுவாதம் இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்து, அது செய்தியாகவும் வந்தது. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே காக்கும் ஷார்ட்ஸ்டாப் இடம் பலவீனமாக இருந்தது, அதற்கு யாரையும் பெரிதாகத் தேடவில்லை. இதெல்லாம் பிப்ரவரியிலேயே கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகள். பெயர்களின் வெளிச்சத்தில் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

வாங்கியதைவிடக் கொடுத்ததுதான் வலி. மையர்ஸ் வந்த மூன்று அணி ட்ரேடில் வாஷிங்டனுக்குப் போனவர் ட்ரே டர்னர். அவர் 2014 ஜூன் டிராஃப்டில் (அணிகள் புது ஆட்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்கப்பட்டவர், அப்படி எடுத்த ஆளை ஓராண்டுக்குள் ட்ரேடு செய்யக்கூடாது என்று அப்போது விதி, அதனால் "பின்னர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்" என்று எழுதிவைத்து, போகப்போவது தெரிந்தும் அவர் 2015 ஜூன் வரை பாட்ரேஸின் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள பயிற்சி நிலை) அணிகளிலேயே ஆடினார். 2019-இல் வாஷிங்டன் கோப்பை வாங்கியபோது அதன் ஷார்ட்ஸ்டாப் அவர்தான். அப்டனுக்காக அட்லாண்டாவுக்குப் போன நால்வரில் ஒருவர் மேக்ஸ் ஃப்ரீட், அப்போது முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த மைனர் லீக் பையன். 2021 வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசி அட்லாண்டாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவரே. அப்டன் சான் டியேகோவில் ஆடியதோ ஒரே சீசன்.

இங்கேயே நிறுத்தினால் அந்தக் குளிர்காலத்துக்கு எஃப் போட்டுவிடலாம். ஆனால் 2016 ஜூனில் பிரெல்லர், அடிவாங்கிக்கொண்டிருந்த ஷீல்ட்ஸை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டு பிட்சர் எரிக் ஜான்சனோடு 17 வயதுப் பையன் ஒருவனையும் கேட்டு வாங்கினார். அந்தப் பையன் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட இன்னும் ஆடியிருக்கவில்லை. அவர்தான் ஃபெர்னாண்டோ டாடீஸ் ஜூனியர், 2021-இல் 42 ஹோம் ரன்னோடு நேஷனல் லீக்கில் முதலிடம். மோசமான ஒப்பந்தம் என்று எல்லோரும் சொன்ன ஷீல்ட்ஸ் வழியாகத்தான் அவர் வந்தார். அதற்காக ஷீல்ட்ஸ் ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம் ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தப்பான கொள்முதலில் இருந்து அவர்கள் புத்திசாலித்தனமாக வெளியே வந்தார்கள், இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும்.

டொராண்டோ ப்ளூ ஜேஸுக்கும் இதே கதை உண்டு. 2012 குளிர்காலத்தில் மயாமியிடமிருந்து ஹோசே ரேயஸ், மார்க் பியூர்லி, ஜாஷ் ஜான்சன் என்று ஒரு கூட்டத்தையே வாங்கி, மெட்ஸிடமிருந்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய கையோடு வந்த ஆர்.ஏ. டிக்கியையும் எடுத்து, 2013-இல் டிவிஷனில் கடைசி. அதே 74–88. டிக்கிக்காகப் போனவர்களில் நோவா சிண்டர்கார்டும் இருந்தார்.

இதற்கு நேர்மாறானது டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். 102 ஆட்டம் தோற்ற 2021 முடிந்ததும் கோரி சீகருக்கு 10 ஆண்டு 32.5 கோடி, மார்கஸ் செமியனுக்கு 7 ஆண்டு 17.5 கோடி கொடுத்தார்கள். அடுத்த சீசனில் 68–94. அப்போது மதிப்பெண் போட்டவர்கள் வீண் செலவு என்றார்கள். 2023-இல் அவர்கள் வரலாற்றில் முதல் கோப்பை, வேர்ல்டு சீரிஸ் எம்விபி சீகர். இடையில் வந்த குளிர்காலம் இன்னும் சுவாரஸ்யமானது. 18.5 கோடிக்கு வந்த பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஆறே ஸ்டார்ட்டில் (ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசுவது ஒரு ஸ்டார்ட்) முழங்கை போய் உட்கார்ந்தார், 3.4 கோடிக்கு அவ்வளவு சத்தமில்லாமல் வந்த பிட்சர் நேதன் எவால்டி அந்த பிளேஆஃபில் 5–0, அதாவது ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை. டிசம்பரில் தலைப்புச் செய்தி ஆன ஒப்பந்தமும் அக்டோபரில் கோப்பையைத் தூக்கவைத்த ஒப்பந்தமும் ஒரே குளிர்காலத்தில் அதே அலுவலகத்தில் கையெழுத்தானவை.

விலைக்கு வருகிறேன். பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு வார் என்ற எண். மைனர் லீக்கில் இருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய சாதாரண ஆட்டக்காரரைவிட இவர் எத்தனை வெற்றியைக் கூடுதலாகத் தருவார் என்பதன் மதிப்பீடு அது. ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் ஒரு வெற்றிக்கு ஏறக்குறைய 80 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை போகிறது என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு வயதுக்கான தேய்மானத்தைக் கழித்துக்கொண்டே போனால் ஒரு ஒப்பந்தம் நியாயமானதா என்று ஒரு தாளில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதை நான் செய்கிறேன், ஆனால் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. 70 ஆட்டம் ஜெயிக்கும் அணியை மூன்று வெற்றி எங்கும் கொண்டுபோகாது, 86-இல் நிற்கும் அணிக்கு அதே மூன்று வெற்றிதான் பிளேஆஃப். ஐபிஎல் ஏலம்போல எல்லா அணிக்கும் ஒரே பணப்பை என்ற கட்டுப்பாடும் இங்கே இல்லை, வரம்பைத் தாண்டினால் வரிதான். 2025-இல் அந்த வரம்பு 24.1 கோடி டாலர், தொடர்ந்து தாண்டினால் வரி விகிதம் ஏறிக்கொண்டே போகும். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானியின் 70 கோடி ஒப்பந்தத்தில் 68 கோடி 2034-இல் இருந்து 2043 வரை வட்டியில்லாமல் கொடுக்கப்படுவதால் வரிக்கணக்கில் அது ஆண்டுக்கு சுமார் 4.6 கோடியாகத்தான் எழுதப்படுகிறது. தலைப்பில் வரும் தொகையை மட்டும் வைத்துப் பேசினால் இதெல்லாம் விட்டுப்போகும்.

வயது விஷயத்தில் நான் கறாரானவன். பேட்ஸ்மேன்கள் பெரும்பாலும் 26 முதல் 29 வரை உச்சத்தில் இருப்பார்கள், ஃப்ரீ ஏஜென்சியோ பலருக்கு 29, 30-இல்தான் வருகிறது. ஆல்பர்ட் பூஹோல்ஸுக்கு 32 நெருங்கும்போது ஏஞ்சல்ஸ் 10 ஆண்டு, 24 கோடி கொடுத்தது, பத்தாவது ஆண்டில் அவரை வெளியே விட்டது. பால்டிமோர் 2016-இல் கிறிஸ் டேவிஸுக்குக் கொடுத்த 16.1 கோடி அதைவிட மோசம். முந்தைய சீசனில் 47 ஹோம் ரன் அடித்தவர்தான், ஆனால் அடிக்காத நேரத்தில் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆகிறவர், முதல் பேஸ் ஆடுகிறவர், பின்வாங்க வேறு திறமை இல்லை. 2018-இல் பேட்டிங் சராசரி .168. தள்ளிவைத்த சம்பளம் 2037 வரை போகிறது. சோட்டோவுக்கு 15 ஆண்டு கொடுத்ததை நான் பெரிய தவறாக நினைக்காததற்குக் காரணம், கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 26.

ஆனால் ஆந்தனி ரெண்டனைப் பார்த்து ஏஞ்சல்ஸைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 2019 டிசம்பரில் அவர் கணக்கில் சராசரி .319, 34 ஹோம் ரன், 126 ஆர்பிஐ (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்கள்), கையில் வேர்ல்டு சீரிஸ் மோதிரம், மூன்றாவது பேஸில் நல்ல கை. 7 ஆண்டு, 24.5 கோடி என்பது அன்றைய சந்தையில் நியாயமான விலை. ஏஞ்சல்ஸில் அவர் எந்த சீசனிலும் 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. விளைவு படுமோசம், முடிவு அப்படி அல்ல. அன்றைக்கு என்ன தெரிந்திருக்க முடியுமோ அதை வைத்துத்தான் ஒரு மேலாளரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

காயத்தைக் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு பாஸ்டனின் 2023 டிசம்பரே போதும். மூன்று சீசனில் சேர்ந்து 31 ஸ்டார்ட் மட்டுமே செய்திருந்த பிட்சர் கிறிஸ் சேலை, 1.7 கோடி டாலரையும் கூடவே கொடுத்து, இளம் இன்ஃபீல்டர் வான் கிரிஸம்முக்காக அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் வருடம் தவறாமல் வீசிவந்த லூகாஸ் ஜியோலிட்டோவை 3.85 கோடிக்கு எடுத்தார்கள். 2024-இல் சேலுக்கு 18 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.38, 225 ஸ்ட்ரைக்அவுட், சை யங் விருது. ஜியோலிட்டோ மார்ச்சிலேயே முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய் ஒரு பந்துகூட வீசவில்லை. கிரிஸம் .190 அடித்தார். இதில் காயங்களை நான் பாஸ்டன் கணக்கில் எழுதமாட்டேன். ஆனால் பிட்சர் பஞ்சத்தில் இருந்த அணி, இன்னும் வேகமாக வீசிக்கொண்டிருந்த ஒருவரைப் பணமும் கொடுத்து அனுப்பியது அன்றைக்கே தப்பு.

ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் ரிலீவர்களைப் பற்றி ஒரே வரி: மூன்று ஆண்டுக்கு மேல் எந்த ரிலீவருக்குக் கொடுத்தாலும் நான் சந்தேகப்படுவேன், வருடத்துக்கு 60, 65 இன்னிங்ஸ் வீசுகிறவர்களின் எண்கள் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எப்போது தீர்ப்பு சொல்வது என்றும் கேட்பார்கள். வாஷிங்டன் 2022-இல் சோட்டோவை பாட்ரேஸுக்குக் கொடுத்து எடுத்த சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூவருமே 2025-க்குள் ஆல்-ஸ்டார் (சிறந்த ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆகிவிட்டார்கள். ட்ரேடு என்ற அளவில் அது அபாரம், ஆனாலும் அணி 2025-இல் 96 ஆட்டம் தோற்றது, அந்த மூவரைச் சுற்றி வேறு யாரையும் சேர்க்காத குற்றம் தனி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் தீர்ப்பு சொல்லவும் முடியாது. 2024 டிசம்பரில் ஒயிட் சாக்ஸிடமிருந்து பாஸ்டன் வாங்கிய பிட்சர் காரெட் குரோஷே அடுத்த சீசனிலேயே 18–5, 255 ஸ்ட்ரைக்அவுட், இடையில் 6 ஆண்டு 17 கோடிக்கு நீட்டிப்பும் போட்டாயிற்று, அவர்கள் பக்கத்துக்குத் தயங்காமல் ஏ போடலாம். ஒயிட் சாக்ஸ் பக்கம் பதிலுக்குப் போன கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் 2025-இலேயே மேலே வந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். அந்த சீசன் முடிந்தபோது, அவர்களோடு போன பிரேடன் மாண்ட்கோமரி இன்னும் மைனர் லீக்கில்தான் இருந்தார். அவர் மேஜர் லீக்கில் இரண்டு முழு சீசன் ஆடி முடிக்கும்வரை சிகாகோவுக்கு நான் எந்த மதிப்பெண்ணும் போடுவதாக இல்லை.